பன்னெண்டாவது ரவுண்டு

எட்டு. பன்னெண்டு நிமிஷம், நாப்பத்தெட்டு செகண்டு. எழுதியாச்சு. "செல்லையா, பதினாறைத் திருப்பு!" மார்க்கர் செல்லையா போர்டைத் திருப்பிட்டு மறுபடியும் செல்போனுக்குள்ள தலையைக் கவுத்துக்கிட்டான். காலையில ஆறரை மணி ஆகல, மண் ட்ராக்குல தெளிச்ச தண்ணி இன்னும் காயல, அதுக்குள்ள எனக்கு அக்குள் நனைஞ்சு போச்சு. இது ஒண்ணும் பெரிய வேலை கிடையாது. பெண்கள் பத்தாயிரம் மீட்டர், இருபத்தஞ்சு ரவுண்டு. நமக்குன்னு ஒதுக்கியிருக்கிற பிள்ளை கோட்டைத் தாண்டும்போதெல்லாம் எதுத்தாப்புல இருக்கிற கடிகாரத்தைப் பாத்து தாள்ல ஒரு வரி எழுதணும், அடுத்து அவ வரும்போது எத்தனை ரவுண்டு பாக்கி நிக்கும்னு போர்டுக்காரனுக்குக் கத்தணும், அம்புட்டுதான். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை செஞ்சிரும். முப்பத்தொரு வருஷமா இந்த யுனிவர்சிட்டி மீட்டுக்கு எங்க பொம்பளப் பிள்ளைங்க காலேஜ் டீமைக் கூட்டிக்கிட்டு வாரேன், வந்த இடத்துல ஆள் பத்தலன்னு எல்லா பி.டி. மாருக்கும் ஒரு தாளைக் கையில திணிச்சிருவானுவ. சொந்தப் பிள்ளைக்கு நாமளே எண்ணக் கூடாது, அது சட்டம். அதனால எனக்குக் கிடைச்சது இருநூத்திப் பதினாலு, பெனிட்டா, மார்த்தாண்டத்துப் பக்கத்துப் பிள்ளை. அவதான் முன்னால ஓடுதா. முன்னால ஓடுதவ கணக்குத்தான் போர்டுக்கும் கணக்கு. அவ முதுகுக்குப் பின்னால ரெண்டு எட்டுல ஒட்டிக்கிட்டு ஓடுதா பாருங்க நூத்தி முப்பத்தொண்ணு, அது என் பிள்ளை, உச்சிமாகாளி. அவளுக்கு எண்ணுதது என் பக்கத்து நாற்காலி. பக்கத்து நாற்காலியில ஆறுமுகநயினார் சார். அவரும் நானும் பேசி பத்தொம்பது வருஷம் ஆகுது.

ஒம்பது. பதினாலு இருபத்திநாலு. பதினஞ்சைத் திருப்பு செல்லையா. ரவுண்டுக்கு ஒரு நிமிஷம் முப்பத்தாறு, கொஞ்சமும் பிசகல, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே ஓடுதா என் தங்கம். "ஏட்டி, அவ உன்னைவிட வேகக்காரி, கடைசி எரநூறு மீட்டர்ல அவகூட நீ ஓடவே முடியாது, அதனால அங்க வரைக்கும் அவளைக் கொண்டு போவாத. போர்டுல மூணு விழுந்ததும் கிளம்பு. மூணு ரவுண்டு நீ இழுத்தா அவ கால் செத்துரும்" அப்படின்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். மூணு விழுந்ததும் கிளம்பு, மூணு விழுந்ததும் கிளம்பு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. ஜெயிச்சே ஆகணும். பத்தாயிரத்துக்கு இந்த வருஷம் ஒருத்தியைத்தான் அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புதாவ. மாகாளிக்கு இது கடைசி வருஷம். அங்க ஓடின சர்டிபிகேட் இருந்தா போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல அப்ளிகேஷன் போடலாம். இல்லாட்டி ஏப்ரல் மாசத்தோட வீட்டுக்குப் போயி அவ அம்மா மாதிரி பீடித்தட்டைத் தூக்கி மடியில வைக்க வேண்டியதுதான். அந்த அம்மா முதல் வருஷம் என்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, "மேடம், பொம்பளப் பிள்ளை இம்புட்டு ஓடுனா கர்ப்பப்பை எறங்கிரும்ங்காவளே" அப்படின்னாவ. "நாள் முழுக்கத் தட்டோட குந்தியே இருக்கீங்களே, ஒங்களுக்கு எறங்கலையா?" அப்படின்னேன். சிரிச்சிட்டாவ. சிரிச்சவங்க பிள்ளையை விடுவாங்க, அது என் அனுபவம். பத்து. பதினாறு நிமிஷம் கரெக்ட்டா. பதினாலைத் திருப்பு.

நயினார் சார் பேனாவை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு, தாளோட மூஞ்சியை ஒட்டிக்கிட்டு, ஒவ்வொரு வரியையும் பரீட்சை எழுதுதவன் மாதிரி எழுதுதாரு. ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆச்சு, இந்த வருஷம் ஆளே இல்லைன்னு கூப்பிட்டிருக்காவ. நாற்காலியில உக்காரும்போது, "வணக்கம் மேடம்" அப்படின்னாரு. நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு தலையை ஆட்டினேன். அதுகூட ஆட்டியிருக்கக் கூடாது. நான் ஏன் ஆட்டணும். பதினொண்ணு. பதினேழு முப்பத்தாறு. பதிமூணைத் திருப்பு செல்லையா. பத்தொம்பது வருஷம் முன்னால இதே மீட், அய்யாயிரம் மீட்டர், என் பிள்ளை சண்முகவடிவு. வடிவு மாதிரி ஒருத்தியை நான் அதுக்கு முன்னாலயும் பாத்ததில்லை, பின்னாலயும் பாக்கல. எங்க பிரின்சிபால் சிஸ்டர் அந்தக் காலத்துல, "மிஸ், நீங்க கிரவுண்டுல சேலைதான் கட்டணும், ட்ராக் பேன்ட் நம்ம காலேஜுக்கு ஆகாது" அப்படின்னு சொல்லி, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு விசிலும் வாயுமா அவகூட ஓடினேன். ஹாஸ்டல்ல ஓடுத பிள்ளைகளுக்கு ரெண்டு முட்டை கேட்டு, மத்த பிள்ளைக எல்லாம் எங்களுக்கும் வேணும்னு தட்டைத் தட்டி, கடைசியில அந்த ரெண்டு முட்டையை என் ரூம்ல வச்சு அவிச்சு, டவல்ல சுத்தி அவளுக்குக் கொண்டு போயிருக்கேன். அப்படி வளத்த பிள்ளை. அன்னைக்கு அவளுக்கு எண்ணுனது நயினார். ரெண்டு ரவுண்டு பாக்கி இருக்கையிலயே கடைசி ரவுண்டுன்னு பெல் அடிக்கச் சொல்லிட்டாரு. வடிவு உயிரைக் குடுத்து ஓடி, எல்லாருக்கும் முன்னால கோட்டைத் தாண்டி, குப்புற விழுந்துட்டா. அப்புறம் சொல்லுதாவ, இன்னும் ஒரு ரவுண்டு இருக்காம். எந்திரிக்க முடியல அவளுக்கு. கையை ஊனி ஊனி எந்திரிக்கப் பாக்கா, கால் மடங்குது, மத்தவளுவ எல்லாம் அவளைத் தாண்டிப் போறாளுவ. நான் என்ன செஞ்சேன்? நேரா வந்தேன், நயினார் கையில இருந்த தாளைப் பிடுங்கினேன், நாலாக் கிழிச்சு அவரு மூஞ்சியில எறிஞ்சேன். "கண்ணு அவிஞ்சா போச்சு? எண்ணத் தெரியலன்னா மாடு மேய்க்கப் போங்க!" முன்னூறு பேருக்கு முன்னால. அவரு குனிஞ்சு துண்டுகளைப் பொறுக்கினாரு. அதுக்கப்புறம் அவருக்கு ரவுண்டு எண்ணுத வேலையே குடுக்கல யாரும். ஈட்டி விழுத இடத்துல கொடி புடிச்சுக்கிட்டு நிப்பாரு. வடிவு இப்ப ஜவுளிக்கடையில முதல் மாடியில நிக்கா, போனா, "மேடம் வாங்க" அப்படின்னு ஸ்டூல் எடுத்துப் போடுவா, அவ உக்கார மாட்டா, உக்காரக் கூடாதாம். ஒவ்வொரு வருஷமும் புதுசா சேருத பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் கேம்ப்பையே ஆரம்பிப்பேன். தாளைக் கிழிச்சு எறிஞ்ச இடம் வரும்போது பிள்ளைக கைதட்டுவாளுவ. இந்தா வந்துட்டாளுவ. பன்னெண்டு. இருபது நாப்பத்தெட்டு. பன்னெண்டைத் திருப்பு செல்லையா. மாகாளி என்ன, திரும்பி என்னைப் பாக்கா? ஓடும்போது திரும்பாதன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். வேகம் போதுமான்னு கேக்கா போல. போ போ, சரியாத்தான் இருக்குன்னு கையைக் காட்டினேன்.

பதிமூணு. இருபத்திரெண்டு இருபத்திநாலு. வெயில் ஏற ஆரம்பிச்சாச்சு. பெனிட்டாவோட இடது கால் சத்தம் போடுது. முன்னால அந்தச் சத்தம் இல்ல. தொப்புத் தொப்புன்னு விழுது, பாதம் முழுக்க ஒண்ணாத் தரையில அறையுது. முப்பத்தொரு வருஷத்துல நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்: மூஞ்சியைப் பாக்காத, காலைக் கேளு. மூஞ்சி பொய் சொல்லும். மாகாளி மூஞ்சியில ரத்தமே இல்ல, வெளுத்துப் போயிருக்கு, ஆனா கால்ல சத்தமே கிடையாது. ஏசப்பா, இந்த ஒரு தடவை. நான் ஒனக்கு மெழுகுதிரி ஏத்துத ஆளு இல்ல, ஞாயித்துக்கிழமைகூட கிரவுண்டுக்குத்தான் போவேன், ஆனா இந்தப் பிள்ளைக்காகக் கேக்கேன். மே மாசம் எனக்கு வேலை முடியுது. அதுக்கப்புறம் விசிலை ஆணியில மாட்டிட்டு என்ன செய்ய, அக்கா வீட்டுக்குப் போயி அவ மருமக வைக்குத சாம்பாரைக் குறை சொல்லிக்கிட்டு இருக்கணும். முப்பத்தொரு வருஷத்துல அகில இந்தியாவுக்கு ஒருத்திகூடப் போகல என் கையில இருந்து. ஒருத்திகூட. வடிவு போயிருப்பா. பதினாலு, இருபத்திநாலு நிமிஷம். பதினஞ்சு, இருபத்தஞ்சு முப்பத்தாறு. ஒம்பதைத் திருப்பு. நயினார் சார் என்னமோ அடிச்சு அடிச்சு எழுதுதாரு, தாள் கிழியப் போகுது. வாயில முணுமுணுப்பு வேற. எண்ணுதாரா, சாமி கும்பிடுதாரா தெரியல. எனக்கு அந்த முணுமுணுப்பைக் கேட்டாலே எரிச்சலா வருது.

பதினாறு. இருபத்தேழு பன்னெண்டு. எழுதிட்டு நிமிந்தவ மறுபடி குனிஞ்சேன். பதினாறு ரவுண்டுக்கு இருபத்தேழு பன்னெண்டா? ஒரு ரவுண்டுக்கு ஒண்ணு முப்பத்தாறுன்னா பதினாறு ரவுண்டுக்கு இருபத்தஞ்சு முப்பத்தாறுதான வரணும். இந்தக் கணக்கு எனக்கு விரல் நுனியில, வாய்ப்பாடு மாதிரி. எங்கேயோ மெதுவா ஓடியிருப்பாளுவ. எங்க ஓடினாளுவ? ஓடலையே, கடிகாரம் மாதிரில்லா ஓடுதாளுவ. விரலை வச்சு மேல போனேன். பதினஞ்சு, பதினாலு, பதிமூணு எல்லாம் ஒண்ணு முப்பத்தாறு. பன்னெண்டு, இருபது நாப்பத்தெட்டு. அதுக்கு மேல பதினொண்ணு, பதினேழு முப்பத்தாறு. பதினேழு முப்பத்தாறுல இருந்து இருபது நாப்பத்தெட்டு. மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. ஒரு ரவுண்டுக்கு மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. ரெண்டு ரவுண்டு ஓடியிருக்காளுவ. நடுவுல ஒரு தடவை என் மூக்குக்கு முன்னாலயே கோட்டைத் தாண்டிப் போயிருக்காளுவ, நான் பாக்கல. எங்க இருந்தேன் நான்? இந்த நாற்காலியிலதான் இருந்தேன். முட்டை அவிச்சுக்கிட்டு இருந்தேன். தாளைக் கிழிச்சுக்கிட்டு இருந்தேன். நயினார் எப்படித் தப்பா எண்ணினாருன்னு நினைச்சுக்கிட்டு இருக்கையிலயே நான் தப்பா எண்ணியிருக்கேன். அய்யோ. போர்டுல பதிமூணு ரெண்டு தடவை நின்னிருக்கு. அதான் மாகாளி திரும்பிப் பாத்திருக்கா. என்ன மேடம், அதே நம்பர் நிக்கின்னு கேட்டிருக்கா பிள்ளை, நான் போ போன்னு கையைக் காட்டியிருக்கேன். இப்ப போர்டுல ஒம்பது நிக்கி. பாக்கி எட்டுதான். செல்லையா என்னைப் பாக்கான், என்ன மேடம், அடுத்தது என்னங்கான். ஏழுன்னு சொல்லணும். ஏழுன்னு சொல்லிட்டா தீந்துது. என் வாய், "எட்டு" அப்படின்னு சொல்லிச்சு.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்க ஒரு ரவுண்டு வேணும், அதுக்குத்தான். அடுத்த ரவுண்டுல சொல்லிருவேன். நல்லாப் பாத்துட்டுச் சொல்லணும்லா, அவசரப்பட்டு இன்னொரு தப்பைச் செஞ்சிரக் கூடாதுல்லா. பாத்தாச்சே, இன்னும் என்னத்தப் பாக்க? ரெஃப்ரி அருள்தாஸ் அந்தா, பெவிலியன் நிழல்ல டீ குடிச்சுக்கிட்டு நிக்கான். கையைத் தூக்கினா வந்துருவான். வந்து, "என்ன ஜெபகனி மேடம், நீங்களா?" அப்படிம்பான். நீங்களா. அந்த நீங்களாவை நான் எப்படித் தாங்குவேன். சாயங்காலத்துக்குள்ள எல்லா காலேஜுக்கும் தெரிஞ்சிரும், வாட்ஸப் குரூப்புல போட்டுச் சிரிப்பானுவ, தாளைக் கிழிச்ச மகராசி ரவுண்டைக் கோட்டை விட்டுட்டாளாம்னு. அதுகூடப் பரவாயில்ல, சிரிச்சிட்டுப் போகட்டும். சொந்தப் பிள்ளையை ஜெயிக்க வைக்க வேணும்னே செஞ்சாம்பானுவளே. இந்தா வந்துட்டாளுவ. என் தாளுக்குப் பதினேழு, நெசத்துக்குப் பதினெட்டு. இருபத்தெட்டு நாப்பத்தெட்டு. போர்டுல எட்டு. பெனிட்டா கால் சத்தம் இன்னும் கூடியிருக்கு, கை மார்புக்குக் குறுக்க வருது, தோள் தூக்கிக்கிட்டு. அவ செத்துக்கிட்டு இருக்கா. அவ உடம்புல இருபத்தஞ்சு ரவுண்டுக்குத்தான் சரக்கு இருக்கு. இருபத்தாறு ஓடினா அவ அவுட். மாகாளிக்கு இருபத்தாறும் ஓட முடியும், முப்பதும் ஓட முடியும், நாங்க ஆத்தங்கரை ரோட்டுல பதினாறு கிலோமீட்டர் ஓடுத ஆளுக. அப்ப. அப்ப நான் சும்மா இருந்தா. ஒண்ணுமே செய்ய வேண்டாம். ஏழு, ஆறுன்னு வரிசையாச் சொல்லிக்கிட்டே போனா போதும். ரெண்டு பேருக்கும் ஒரே தூரம்தான, ரெண்டு பேரும் ஒரே போர்டைத்தான் பாக்காளுவ, இதுல என்ன அநியாயம்? எவளுக்கும் கூட இல்ல, எவளுக்கும் குறைச்சல் இல்ல. "செல்லையா, ஏழு." நல்லா வாயைத் திறந்து, தெளிவாச் சொன்னேன். என் குரல் எனக்கே நல்லா இருந்துச்சு.

முப்பது இருபத்திநாலு. ஆறு. நாக்கு ஒட்டிக்கிட்டு. தண்ணி பாட்டில் காலுக்குக் கீழதான் இருக்கு, குனிஞ்சா இன்னொரு ரவுண்டு போயிருமோன்னு குனியல. இப்ப பாருங்க, எப்படி எண்ணுதேன்! கண்ணைச் சிமிட்டாம எண்ணுதேன். களவாணிக்குத்தான் கவனம் அதிகம். பிறகு ஒரு யோசனை வந்து மார்புல உக்காந்துச்சு: நயினார் சார் தாள். மாகாளிக்கு அவரு எண்ணுதாரு. மாகாளியும் பெனிட்டாவும் ஒண்ணாத்தான ஓடுதாளுவ. அவரு விடாம எழுதியிருந்தா அவரு தாள்ல என்னைவிட ஒண்ணு கூட இருக்கணும். இந்நேரம் எந்திரிச்சிருக்கணுமே, மேடம் போர்டு தப்புன்னு. எந்திரிக்கலையே. அப்ப அவரும் விட்டுட்டாரா? ரெண்டு பேரும் விட்டுட்டோமா? அவரும் விட்டிருந்தா, அவருதான் முதல்ல விட்டாருன்னு ஆயிருமே, அவரு ஏற்கெனவே விட்டவரு, யாரும் கேக்கக்கூட மாட்டாவ. ச்சீ. எவ்வளவு வேகமா ஓடுது பாருங்க இந்தப் புத்தி. முப்பத்திரெண்டு நிமிஷம். அஞ்சைத் திருப்பு. தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் ஓட்டி அவரு தாளைப் பாத்தேன். சின்னச் சின்ன எழுத்து, கோடு போட்டது மாதிரி. பதினொண்ணு, பதினேழு முப்பத்தேழு. அதுக்குக் கீழ பன்னெண்டு, பத்தொம்பது பதிமூணு. இருக்கு. எழுதியிருக்காரு. நான் பாக்காத அந்த ரவுண்டை மனுஷன் பாத்திருக்காரு, ஒரு செகண்டு பிசகாம எழுதியிருக்காரு. எழுதி, அது மேல ஒரு கோடு. அடிச்சிட்டாரு. அதுக்குக் கீழ இருக்கிற அத்தனை நம்பரையும் ஒவ்வொண்ணா அடிச்சு, ஒண்ணு குறைச்சு, என் போர்டுக்குச் சரியா மாத்தி எழுதியிருக்காரு.

அவருக்குத் தெரியும். இல்ல, தெரியாது. எண்ணினது சரி, ஆனா போர்டு என் போர்டு. பக்கத்துல உக்காந்திருக்கிறது நானு. ரெண்டுல ஒண்ணு தப்புன்னா தன்னுதுதான் தப்பா இருக்கும்னு நினைச்சிருக்காரு. முணுமுணுன்னு திருப்பித் திருப்பி எண்ணிப் பாத்திருக்காரு, ஒவ்வொரு தடவையும் சரியா வந்திருக்கும், வந்தும் நம்பல. மேடம், எனக்கு ஒண்ணு கூட வருதேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? நல்லாவே தெரியும் என்ன சொல்லியிருப்பேன்னு. அவருக்கும் தெரியும். முப்பத்திமூணு முப்பத்தாறு. போர்டுல அஞ்சு. "நாலு." அவரு நான் பாக்கிறதைப் பாத்துட்டாரு. உடனே இடது கையை அந்த அடிச்ச வரி மேல வச்சு மறைச்சாரு. சும்மா வச்சது மாதிரி வச்சாரு, காத்துக்குத் தாள் பறக்காம இருக்க வச்சது மாதிரி. காத்தே இல்ல. அறுபத்தி நாலு வயசு மனுஷன், சுருங்கின கை, மோதிர விரல்ல மை. தான் செய்யாத தப்பை என்கிட்ட இருந்து மறைக்காரு. அன்னைக்கு அவரும் இப்படித்தான் உக்காந்திருப்பாரு, வீட்டுல யாருக்காவது முடியாம இருந்திருக்கும், இல்ல பிள்ளைக்குப் பீஸ் கட்டுத யோசனையா இருந்திருக்கும், ஒரு நாலு செகண்டு எங்கேயோ போயிட்டுத் திரும்பி வந்து ஒரு வரியைக் கூட எழுதியிருப்பாரு. நான் கேக்கவே இல்ல. பத்தொம்பது வருஷத்துல ஒரு நாள்கூட, என்ன சார் ஆச்சு அன்னைக்குன்னு கேக்கல. முப்பத்தஞ்சு பன்னெண்டு. ரெண்டு பேரும் போறாளுவ. போர்டுல நாலு. மாகாளி போர்டைப் பாத்துட்டுத் தலையை ஒரு தடவை ஆட்டினா. அடுத்தது மூணு, கிளம்பணும்னு எனக்குச் சொல்லிட்டுப் போறா. நெசத்துல இதுதான் மூணு. இப்ப கிளம்பணும் அவ. இப்ப.

எந்திரிச்சேன். நாற்காலி பின்னால சாஞ்சு விழுந்துச்சு. "அருள்தாஸ்! அருள் சார்!" டீ கிளாஸோட ஓடி வந்தான். "போர்டு தப்பு. அடுத்தது மூணு இல்ல, ரெண்டு. நான் ஒரு ரவுண்டு விட்டுட்டேன், பன்னெண்டாவது." அவன் என் தாளைப் பாத்தான், விரலை வச்சான், மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டை அவனும் கண்டுபிடிச்சுட்டான். "நயினார் சார், ஒங்களுக்கு?" நானே அவரு கையைப் பிடிச்சு நகட்டினேன். "இந்தா, இவரு எழுதியிருக்காரு பாரு. அடிச்சிருக்கிற வரிதான் சரி." அருள்தாஸ் நிமிந்து, "இப்பதான் பாத்தீங்களா மேடம்?" அப்படின்னான். "இப்பதான்" அப்படின்னேன். யோசிக்கவே இல்ல, பொய் தானா வந்து விழுந்துச்சு. "செல்லையா, ரெண்டு! ரெண்டைத் திருப்பு! கத்துய்யா, ரெண்டுன்னு கத்து!" செல்லையா பதறிப் போயி மூணைத் திருப்பி, ரெண்டைத் திருப்பி நிமிருதான், பிள்ளைக கோட்டுக்கு வந்துட்டாளுவ. ரெண்டு பேரும் போர்டைப் பாத்தாளுவ. பெனிட்டா ஒரு நொடி தடுமாறி, பிறகு மூஞ்சியில ஒரு வெளிச்சம், ரெண்டுதானான்னு. மாகாளிக்கு வெளிச்சம் இல்ல. அவ மூணைத் தேடினா. தலையைத் திருப்பி, தாண்டிப் போன பிறகும் திரும்பி, மூணைத் தேடிக்கிட்டே போனா. அப்புறம் கிளம்பினா, கிளம்பாம இல்ல. இழுத்தா, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே இழுத்தா, முன்னால போயி பத்து மீட்டர், பன்னெண்டு மீட்டர்னு விலகினா, பெல் அடிக்கும்போது அவதான் முன்னால. மூணு ரவுண்டு இழுக்க வேண்டியதை ரெண்டு ரவுண்டுல இழுத்தா. பெனிட்டா கால் இன்னும் சாகல. கடைசி எரநூறு மீட்டர்ல அந்தக் கால் சத்தம் கிட்ட வந்துச்சு, கிட்ட வந்துச்சு, பக்கத்துல வந்துச்சு, தாண்டிருச்சு. முப்பத்தொம்பது நாப்பத்தொண்ணு பெனிட்டா. ரெண்டு செகண்டு பின்னால என் பிள்ளை. எழுத வேண்டியதை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், நயினார் சாரும் போட்டாரு. "சார்" அப்படின்னேன். பத்தொம்பது வருஷம் கழிச்சு வந்த வார்த்தை. "நான் அந்த வரியை அடிச்சிருக்கக் கூடாது மேடம். ஒங்களைக் கேட்டிருக்கணும்" அப்படின்னாரு அவரு.

மாகாளி புல்லுல கிடந்தா. யாரோ தண்ணி ஊத்தினாவ. எந்திரிச்சு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, நேரா எங்க மேசைக்கு வந்தா. என்னைப் பாக்கல, அவரைத்தான் பாத்தா. கதை தெரிஞ்ச பிள்ளைல்லா, நான் சொன்ன கதைதான. "சார், மூணு எங்க சார் போச்சு? நாலு நின்னுச்சு, அப்புறம் ரெண்டு நிக்கி. மூணு எங்க போச்சு? மறுபடியும் ஒங்க வேலையா? கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு?" என் வார்த்தை, என் குரல், விரலை நீட்டுததுகூட நான் நீட்டுத மாதிரியே. நயினார் சார் பேனாவுக்கு மூடியைப் போட்டாரு. குனிஞ்சுக்கிட்டாரு. "மேடம், நீங்க என்ன சும்மா இருக்கீங்க? கேளுங்க மேடம். அந்தத் தாளைக் கிழிச்சு மூஞ்சியில எறிங்க மேடம்!" அழுதுக்கிட்டே கத்துதா. அருள்தாஸும் வந்து நின்னுட்டான்.

"மாகாளி, சாரை ஒண்ணும் சொல்லாதட்டி. அவரு சரியாத்தான் எண்ணினாரு. விட்டது நான்."

நீட்டின விரல் அப்படியே நின்னுச்சு. "நீங்களா?"

"நாந்தான்."

மூச்சு வாங்கிக்கிட்டே என் மூஞ்சியைப் பாத்தா. மூணு வருஷமா அந்தப் பிள்ளை என்னைப் பாத்து ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல, ஓடுன்னா ஓடுவா, நில்லுன்னா நிப்பா. "எப்ப மேடம் தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

இப்பதான்னு அருள்தாஸ்கிட்ட சொல்லியாச்சு. அவன் எழுதியும் வச்சிட்டான், பக்கத்துலதான் நிக்கான். அதையே சொல்லிட்டா போதும்.

"போர்டுல ஒம்பது நிக்கையில."

அருள்தாஸ் என்னைத் திரும்பிப் பாத்தான். நான் அவனைப் பாக்கல. மாகாளி உதடு அசைஞ்சுது. ஒம்பது, எட்டு, ஏழு, ஆறுன்னு அவளும் எண்ணினா. நாலு வரைக்கும் வந்து நின்னுட்டா.

"ஒம்பதுலயே சொல்லியிருந்தா எனக்கு மூணு விழுந்திருக்கும்லா மேடம்?"

"விழுந்திருக்கும்."

"நான் ஜெயிச்சிருப்பேன்லா?"

"ஜெயிச்சிருப்பட்டி."